சுவர் எந்தப் பக்கம்?

கொஞ்சம் நீளமான பதிவு இது. வீடு கட்ட இருப்பவர்களும் தொழினுட்பப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் பொறுமையாக வாசித்தால் பயன் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாடசாலை விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நான் ஒட்டோகேட் சொல்லிக் கொடுப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதைப் பற்றி ஊரில் ஒரு காக்கா சந்தியில் வைத்துக் கேட்டார். "கம்பியூட்டர்ல கோடு போடப் படிச்சி இந்தப் புள்ளைகள் என்னத்தக் காணப் போகுது சேர்? வீடு கட்டுற மேசன்தானே?"

நியாயமான கேள்வி. நின்ற இடத்தில் பதில் சொல்ல நேரம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். ஒட்டோகேட் முழுவதையும் பற்றி அல்ல. அதில் உள்ள ஒரே ஒரு கட்டளையைப் பற்றி மட்டும். அதன் பெயர் மல்டிலைன். ஒரே இழுப்பில் இரண்டு, மூன்று, நான்கு சமாந்தரக் கோடுகளைச் சேர்த்துப் போடும் கட்டளை.

முதலில் கோட்டுக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம். நம்மில் பலர் வீட்டுப் படத்தை ஒரு கொப்பித் தாளில் ஒற்றைக் கோட்டில்தான் கீறுகிறோம். "இது ஹோல், இது அறை, பத்துக்குப் பத்து" என்று எழுதிவிடுகிறோம். கோட்டுக்குத் தடிப்பு இல்லை. சுவருக்கு இருக்கிறது. கோட்டுக்குக் கோடு 10 அடி என்று அளந்து 9 அங்குலச் சுவர் வைத்தால், அறைக்குள் கிடைப்பது 9 அடி 3 அங்குலம். இரண்டு பக்கமும் அரை அங்குலம் பூசினால் 9 அடி 2 அங்குலம். கட்டிலும் அலுமாரியும் பத்தடிக்குக் கணக்குப் பார்த்து ஓடர் கொடுத்தவர் பிறகு கதவைத் திறக்க முடியாமல் நிற்பார். அந்தப் 10 அங்குலத்தை யாரும் திருடவில்லை. முதலிலேயே படத்தில் காட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

நான் கல்வியியற் கல்லூரியில் பயின்ற காலத்தில் ஒரு விரிவுரையாளர் இருந்தார். சிறிய மரத்துண்டில் இரண்டு துளை போட்டு, இரண்டு சோக்கைச் செருகி வைத்திருப்பார். கரும்பலகையில் சுவர் வரையும்போது அந்த மரத்துண்டைப் பிடித்து ஒரே இழுப்பு. இரண்டு கோடும் ஒன்றாக வரும், இடைவெளி மாறாது. மல்டிலைன் என்பது அந்த மரத்துண்டுதான். வித்தியாசம் என்னவென்றால் இதில் 16 சோக்கு வரை செருகலாம். ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், என்ன நிறம், முழுக்கோடா விட்டுவிட்டு வரும் கோடா என்பதையெல்லாம் நாமே தீர்மானிக்கலாம்.

ஒட்டோகேட் 1982இல் வெளிவந்தது. மல்டிலைன் அதில் சேர்ந்தது 1994இல் வந்த 13ஆம் பதிப்பில். ஆக இது புதிய விடயமே அல்ல. ஆனாலும் வகுப்பில் இதைத் தொடங்கும்போது பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள்.

எம், எல் என்ற இரண்டு எழுத்தையும் தட்டி என்டர் கொடுத்தால் கட்டளை தொடங்கும். அது மூன்று விடயம் கேட்கும்: ஜஸ்டிஃபிகேஷன், ஸ்கேல், ஸ்டைல்.

ஸ்டைல் என்பது கோடுகளின் அமைப்பு. மென்பொருளோடு வரும் 'ஸ்டான்டர்ட்' என்ற ஸ்டைலில் இரண்டு கோடு. நடுவிலிருந்து ஒன்று 0.5 மேலே, மற்றது 0.5 கீழே. ஆக மொத்த இடைவெளி 1.

ஸ்கேல் என்பது அந்த இடைவெளியை எத்தனை மடங்காக்குவது என்பது. அங்குலத்தில் வரைகிறீர்கள் என்றால் ஸ்கேல் 9 கொடுங்கள், 9 அங்குலச் சுவர். மில்லிமீற்றரில் என்றால் 225 கொடுங்கள். இதைக் கொடுக்காமல் இழுத்தால், மில்லிமீற்றர் தாளில் முதலில் இருப்பது 20. அதாவது 20 மில்லிமீற்றர் தடிப்பு. முழு வீட்டையும் திரையில் பார்க்கும்போது அது ஒற்றைக் கோடு மாதிரித்தான் தெரியும். "சேர், எனக்கு ஒரு கோடுதான் வருது" என்று எல்லோரும் கை தூக்குவது இங்கேதான். கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கும்.

மூன்றாவது, ஜஸ்டிஃபிகேஷன். இந்தப் பதிவையே நான் எழுதுவது இதற்காகத்தான்.

நீங்கள் மவுஸை நகர்த்திப் போகும் பாதை ஒன்று இருக்கிறது அல்லவா? சுவர் அந்தப் பாதைக்கு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதே கேள்வி. டொப் என்று கொடுத்து இடமிருந்து வலமாக இழுத்தால் மேற்கோடு உங்கள் பாதையில் நிற்கும், சுவர் கீழே விழும். பொட்டம் கொடுத்தால் கீழ்க்கோடு பாதையில் நிற்கும், சுவர் மேலே விழும். ஸீரோ கொடுத்தால் பாதை சுவரின் நடுவால் போகும். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். இழுக்கும் திசையை மாற்றினால் விழும் பக்கமும் மாறும். ஆகவே காணியின் எல்லையைச் சுற்றி மணிக்கூட்டு முள் போகும் திசையில் டொப் வைத்து இழுத்தால், சுவர் முழுவதும் நமது காணிக்குள்ளேயே நிற்கும். எதிர்த்திசையில் இழுத்தால் முழுச் சுவரும் அயலவரின் காணியில்!

இதைச் சொல்லி முடித்த அன்று, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கேட்டாள்: "சேர், ரெண்டு பேர்ர காணிக்கு நடுவுல ஒரு சுவர் எண்டா எதைப் போடுற? டொப்பா, ஸீரோவா?"

"அது கம்பியூட்டர் சொல்றதில்ல மகள், காணிக்காரங்க பேசி முடிவெடுக்கிறது" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்ததும் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து வந்தாள். அவளுடைய வீட்டுப் பிளான். (அவளிடமும் அவளுடைய வாப்பாவிடமும் கேட்டு, ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை விட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

நம் கிழக்குக் கரையில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது சரியா பிழையா என்பது வேறு பதிவு. அந்த வாப்பாவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். 12 பேர்ச் காணி. முன்பக்கம் 40 அடி, உள்ளே 81 அடி 8 அங்குலம். நடுவால் பிரித்தால் ஆளுக்கு 6 பேர்ச், 20 அடி அகலம். மூத்தவளுக்குக் கலியாணம் பேசி முடிந்துவிட்டது. அவளுடைய வீட்டை இப்போது கட்ட வேண்டும். இளையவளுடையது பிறகு. செலவைக் குறைக்க இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

யாரோ கீறிக் கொடுத்திருந்த அந்தப் படத்தில் நடு எல்லை ஒற்றைக் கோடு. அதன் மேல் "சுவர்" என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

அடுத்த கிழமை மேசன் வந்து நூல் கட்டப் போகிறார். நூலின் எந்தப் பக்கம் கல் வைப்பது என்று அவர் கேட்டதற்கு, மாப்பிள்ளை வீட்டார் "மற்றப் பக்கம் சும்மாதானே கிடக்கு, அங்கால போடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். வாப்பா பதில் பேசவில்லையாம். பேசி முடித்த கலியாணத்தில் 9 அங்குலத்துக்காக வாய் திறக்க எந்த வாப்பாவுக்குத் துணிவு வரும்?

"ராத்தாவோட நான் சண்டை பிடிக்க ஏலா சேர். ஆனா அது எவ்வளவு எண்டு எனக்குத் தெரிஞ்சிக்கணும்" என்றாள் அந்தப் பிள்ளை.

எவ்வளவு என்று தெரிந்துகொள்வது. அதைச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. அடுத்த நாள் உட்கார்ந்தோம்.

முதலில் வெளிச் சுவர். இங்கே ஒரு விடயத்தை எல்லோரும் கவனிக்க வேண்டும். சுவர் நமது காணிக்குள் நின்றால் போதாது. அத்திவாரமும் நிற்க வேண்டும். 9 அங்குலச் சுவருக்கு 2 அடி 6 அங்குலத்தில் அத்திவாரம் வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுவர் அதன் நடுவில் எழும்பும். சுவரின் வெளிமுகத்தைச் சரியாக எல்லையில் வைத்தால், அத்திவாரம் 10½ அங்குலம் அயலவரின் காணிக்குள் போய்விடும். மண்ணுக்குக் கீழே என்பதால் அன்று யாருக்கும் தெரியாது. அவர் தன் பக்கம் வெட்டும் நாளில் தெரியவரும்.

இதற்குத்தான் சொந்த ஸ்டைல் செய்வது. எம்எல்ஸ்டைல் என்று தட்டினால் ஒரு பெட்டி திறக்கும். 'நியூ' கொடுத்து ஒரு பெயர் வைக்க வேண்டும். பிறகு கோடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அதற்குரிய தூரத்தைக் கொடுக்க வேண்டும். அவள் செய்த ஸ்டைலில் நான்கு கோடு: 4.5, -4.5 இரண்டும் சுவர், முழுக்கோடு. 15, -15 இரண்டும் அத்திவாரம், விட்டுவிட்டு வரும் கோடு, வேறு நிறம். ஸ்கேல் 1. இப்போது டொப் வைத்து எல்லையில் இழுத்தால் எல்லையில் நிற்பது சுவர் அல்ல, அத்திவாரத்தின் விளிம்பு. சுவர் தானாகவே 10½ அங்குலம் உள்ளே வந்துவிடும். கணக்குப் போடத் தேவையில்லை. மறந்துவிடும் என்ற பயமும் இல்லை.

ஒரு நடைமுறைக் குறிப்பும் சொல்லிவிடுகிறேன். படத்தில் ஒரு முறை பாவித்த ஸ்டைலைப் பிறகு மாற்ற விடாது. 'ஸ்டான்டர்ட்' ஸ்டைலையும் மாற்ற முடியாது. ஆகவே வரையத் தொடங்க முன்னரே கோடுகளையும் தூரங்களையும் ஒரு தாளில் எழுதி முடிவெடுத்துவிட வேண்டும். செய்த ஸ்டைலைத் தனிக் கோப்பாகச் சேமித்து வைத்தால் அடுத்த படத்திலும் ஏற்றிக்கொள்ளலாம். அறைகளைப் பிரிக்கும் 4½ அங்குலச் சுவருக்கு வேறு ஸ்டைல் வேண்டுமென்றும் இல்லை. இரண்டு கோட்டு 9 அங்குல ஸ்டைலை ஸ்கேல் 0.5இல் பாவித்தால் போதும்.

பிறகு நடுச் சுவர். மூத்தவள் இடப்பக்கம், இளையவள் வலப்பக்கம். அதே எல்லைக் கோட்டில் கீழிருந்து மேலாக மூன்று தடவை, மூன்று படம்.

முதலாவது டொப். சுவர் முழுவதும் வலப்பக்கம், அதாவது இளையவளின் காணியில். வீட்டின் உள்ளகலம் மூத்தவளுக்கு 18 அடி 4½ அங்குலம். இளையவளுக்கு 17 அடி 7½ அங்குலம்.

இரண்டாவது பொட்டம். அப்படியே தலைகீழ்.

மூன்றாவது ஸீரோ. மூத்தவளுக்கு 18 அடி. இளையவளுக்கும் 18 அடி. மீதி எதுவுமில்லாமல் இருவருக்கும் சரியாகப் பதினெட்டு. அதைக் கண்டதும் பிள்ளை முதல் தடவையாகச் சிரித்தாள்.

வீடு உள்ளே போகும் நீளம் 45 அடி. 9 அங்குலச் சுவர் அந்த நீளத்துக்குப் பிடிக்கும் நிலம் 33¾ சதுர அடி. ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. ஆக ஏறத்தாழ எட்டில் ஒரு பேர்ச். உங்கள் பக்கத்தில் ஒரு பேர்ச் என்ன விலை போகிறதோ அதை எட்டால் பிரித்துப் பாருங்கள். "ஒன்பது அங்குலம்தானே" என்று சொல்வதன் பெறுமதி அது. பணத்தை விடுங்கள். அகலத்தில் ஒரு வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் 9 அங்குல வித்தியாசம் என்றால், இரண்டு அறையைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும்போது அறைக்கு 4½ அங்குலம். இளையவள் தன் வாழ்நாள் முழுக்க அந்த அறையில்தான் இருக்கப் போகிறாள்.

மற்ற வேலைகளையும் அவளே முடித்தாள். சுவரும் சுவரும் சந்திக்கும் இடங்களில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு அசிங்கமாக நிற்கும். சுவரில் இரண்டு தரம் கிளிக் பண்ணினால் 12 கருவிகள் உள்ள ஒரு பெட்டி வரும். குறுக்கே வெட்டும் சந்திக்கு மூன்று, ஒரு சுவர் மற்றதில் வந்து முட்டும் சந்திக்கு மூன்று. மிச்சம், மூலையை ஒட்டுவது, புள்ளி சேர்ப்பது, நீக்குவது, வாசலுக்கு வெட்டுவது, வெட்டியதைத் திரும்ப ஒட்டுவது. முட்டும் சந்தியில் முதலில் வந்து முட்டும் சுவரைத் தொட வேண்டும், பிறகு முட்டப்படும் சுவரை. மாற்றித் தொட்டால் பிழையான சுவர் வெட்டுப்படும். சுற்றி வந்து முடிக்கும்போது தொடங்கிய புள்ளியில் கிளிக் பண்ணி நிறுத்தாமல் 'க்ளோஸ்' கொடுக்க வேண்டும். அப்போதுதான் கடைசி மூலை சுத்தமாகச் சேரும். எக்ஸ்ப்ளோட் கொடுத்தால் சுவர் தனித்தனிக் கோடுகளாக உடைந்துவிடும். அதற்குப் பிறகு இந்த 12 கருவியும் உதவாது. ஆகவே எல்லாத் திருத்தமும் முடியும் வரை அதில் கை வைக்கக் கூடாது.

மூன்று படத்தையும் ஏ3 தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். "யாருக்கும் ஒண்டும் சொல்லாத மகள். தாளை மட்டும் வாப்பாட மேசையில வை" என்றேன்.

அன்றிரவு நடந்ததை அவளுடைய வாப்பாவே பிறகு எனக்குச் சொன்னார். மூன்று தாளையும் விரித்து அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மூத்தவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குனிந்து பார்த்திருக்கிறாள். நடுவில் உள்ள அளவுகள் பெரிய எழுத்தில் இருந்தன. 18 அடி 4½. 17 அடி 7½. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இது தங்கச்சிட காணியில இருந்தா எடுக்கிற? எனக்கு இது தெரியாதே. நடுவுல வைங்க வாப்பா. அவங்கட வீட்டுக்கு நான் சொல்றன்" என்றாளாம்.

எனக்கு அந்த "எனக்கு இது தெரியாதே" என்ற சொல்தான் மனதில் நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே தெரியாது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரிந்திருக்காது. ஒற்றைக் கோட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும், சுவருக்கு இடமே வேண்டாம் என்பது போலத்தான் பேசியிருக்கிறார்கள். நம் ஊரில் எல்லைச் சுவருக்காகப் பேசாமல் இருக்கும் சகோதரர்களை, பள்ளிவாசலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றும் ஸலாம் சொல்லாதவர்களை நாம் பார்த்திருக்கிறோம். எல்லோரும் பேராசைக்காரர்கள் அல்ல. பல இடங்களில் இரண்டு பேரும் நல்லவர்கள். சுவருக்குத் தடிப்பு இருக்கிறது என்பதை நூல் கட்டும் முன்னர் யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

சந்தியில் கேட்ட காக்காவுக்கு என் பதில் இதுதான். மேசன் நல்லவர், கெட்டிக்காரர். நீங்கள் சொல்கிற பக்கம் கல் வைப்பார். எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். அதைச் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குத்தான் படம்.

வீடு கட்ட இருப்பவர்களுக்குச் சில விடயங்கள்.

ஒன்று. ஒற்றைக் கோட்டுப் படத்தை வைத்து அத்திவாரம் வெட்டாதீர்கள். சுவர்கள் இரட்டைக் கோட்டில், தடிப்போடு இருக்க வேண்டும். அளவு எழுதியிருந்தால், உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கா, நடுவிலிருந்து நடுவுக்கா என்று கேளுங்கள்.

இரண்டு. எல்லையில் நிற்கும் எந்தச் சுவருக்கும் "இது எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். அத்திவாரம் எவ்வளவு தூரம் போகிறது என்றும் கேளுங்கள்.

மூன்று. பொதுச் சுவர் வைப்பதென்றால் அதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். நொத்தாரிசிடம் சொல்லி எழுத்தில் வையுங்கள். இன்று ராத்தாவும் தங்கச்சியும். நாளைக்கு அவர்களுடைய பிள்ளைகள், அதற்குப் பிறகு காணியை வாங்கும் வெளியாள். அந்தக் குடும்பமும் அப்படித்தான் செய்தது.

நான்கு. என் மாணவர்கள் வரைவது விளங்கிக்கொள்வதற்கான படம். எல்லையை உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் காட்ட வேண்டும். உள்ளூராட்சி சபையின் அனுமதிக்குப் போகும் படத்தில் தகுதி உள்ளவரின் கையெழுத்து வேண்டும். அந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பெற்றோருக்கு ஒன்று. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பட்டது. இன்னும் சிலர் அதை "மற்றதெல்லாம் கிடைக்காதவங்க படிக்கிற பாடம்" என்று நினைக்கிறார்கள். பெண் பிள்ளைகளை அனுப்ப யோசிக்கிறார்கள். படவரைஞர் வேலை வீட்டில் ஒரு கணினியோடு இருந்தும் செய்யக்கூடிய தொழில். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒட்டோகேட் கல்விப் பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. பழைய கணினி என்றால் லிப்ரேகேட் என்ற இலவச மென்பொருளிலும் சமாந்தரக் கோடு போட்டுப் பழகலாம். கணினியே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு மரத்துண்டும் இரண்டு பென்சிலும் போதும், தொடங்கிவிடலாம்.

மூத்தவளின் வீட்டுக்கு இப்போது கூரை ஏறிவிட்டது. இளையவள் தன் வீட்டின் படத்தை இன்னும் வரைந்துகொண்டிருக்கிறாள். ஒவ்வொரு கிழமையும் குசினியை இடம் மாற்றுகிறாள். நடுச் சுவரை மட்டும் தொடுவதில்லை.

உங்கள் காணியில், உங்கள் தெருவில் இப்படி நடந்த அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம், அளவுகள் போதும். அடுத்த விடுமுறை வகுப்பில் பிள்ளைகளுக்கு அதையே கணக்காகக் கொடுக்கிறேன்.